வளர்ச்சி காணப்படுகிறது

இலங்கையின் யானை இனம் அழிந்துபோகாமல் காக்கப்பட்டது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஆறு மாடிக் கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில்தான் என்று கஜவம்ச விருத்திச் சபையின் சிறப்பு மலர் சொல்கிறது. மலரில் ஏழு ஆசிச் செய்திகள் இருக்கின்றன. காக்கப்பட்டது அந்த மலர் மட்டுந்தான்.

தெய்வானை என்ற பெண்யானை இரண்டாம் மாடியில் குடியிருந்ததற்குக் காரணம், கீழே கார்கள் நின்றதுதான். சபைத் தலைவர் கனகசபாபதியின் மகள் கனடாவில் இருந்தபடியால் அவளுடைய ஃபிளட் சும்மா கிடந்தது. லிஃப்ற்றில் ஆறு பேர் மட்டும் என்று எழுதியிருந்தது. இது ஒருத்திதானே என்று காவலாளி முத்துலிங்கம் விட்டுவிட்டார். தெய்வானையும் மூச்சை உள்ளே இழுத்து, காதுகளை மடித்து, ஒத்துழைத்தாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஒருமுறைகூட ஈன்றதில்லை. காலையில் கித்துள் மட்டையும் பின்னேரம் பலாக்கொப்பும் தின்றுவிட்டு, பல்கனியில் நின்று கடலோர ரெயிலைப் பார்ப்பாள். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தது ஒரே தடவை, அதுவும் குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறதென்று.

சபையின் கடிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தட்டச்சு செய்தவள் பேர்ணடெற். கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருவாள். வயது நாற்பத்தொன்று. கணவன் கிளெமென்ற் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவன். பதினொரு வருடத்தில் மூன்று தடவை தங்கி, மூன்று தடவையும் கலைந்தது. கொச்சிக்கடை அந்தோனியாரிடம் அவள் போகாத செவ்வாய்க்கிழமை இல்லை. அவளுடைய வயிற்றில் ஒரு கட்டியும் இருந்தது. கர்ப்பப்பையோடு எடுக்கவேண்டும் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்திருந்தார்கள். அவள் அந்தத் திகதியை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தாள்.

மிருக வைத்தியர் மிதுனா ஒரு நாள் வந்து, தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு, தெய்வானையை ஸ்கான் செய்தார். பேர்ணடெற் குறிப்பெடுக்க நின்றாள்.

“குட்டி போடாத யானையளுக்கு வாறதுதான் அக்கா. கர்ப்பப்பை வருசக்கணக்கா சும்மா இருந்தால் கட்டி போடும். கட்டி வந்தால் பிறகு குட்டி தங்காது. குட்டி தங்காட்டில் இன்னும் கட்டி. இருக்கிறதே கொஞ்ச யானை, அதிலயும் எத்தினை இப்பிடி வீணாப் போகுது. காண்டாமிருகத்துக்கும் உதே கதைதான்.”

“மனுசருக்கும்?” என்று கேட்டபடி பேர்ணடெற் கைப்பையை வயிற்றுக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

“ஓம், மனுசருக்கும். ஆனா இவவுக்கு ஊசி இருக்கு. இப்ப துடங்கினால் அடங்கும்.”

றிப்போட் ஆங்கிலத்தில் வந்தது, இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கர்ப்பப்பைக்குள் ஒரு ‘குரோத்’ என்று இருந்தது. பதினைந்து வருடமாகப் பேர்ணடெற் அந்தச் சொல்லுக்கு ஒரே தமிழ்தான் போட்டு வந்தாள்: பொருளாதார வளர்ச்சி, அங்கத்தவர் வளர்ச்சி, சமூக வளர்ச்சி. கட்டி என்று எழுத அவளுடைய விரல் அன்றைக்கு மறுத்தது. மற்றச் சொல்லைத் தானாகவே தட்டியது. ‘கருப்பையில் திருப்திகரமான அளவில் வளர்ச்சி காணப்படுகிறது.’ திருப்திகரமான என்பது மூலத்தில் இல்லை. அறிக்கைகளில் வளர்ச்சிக்கு முன்னால் அது தன்பாட்டில் வந்து நிற்கும்.

கனகசபாபதி ஏதோவொரு திணைக்களத்தின் உதவிப் பணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தத் திணைக்களம் என்று அவரே இரண்டு விதமாகச் சொல்வார். பன்னிரண்டு பேர் இருந்த அறையில் மைக்கைப் பிடித்து அந்த வரியை மூன்று தடவை வாசித்தார். மூன்றாம் தடவை எல்லாரும் எழும்பிக் கைதட்டினார்கள். ஊசியைப் பற்றிய இரண்டாம் பக்கத்துக்குப் போகமுதல் வடை வந்துவிட்டது. பேர்ணடெற் எழும்பத்தான் பார்த்தாள். அதற்குள் தலைவர், “பிள்ளை, உம்மட தமிழ் பிரமாதம்” என்றார். அவளுடைய தமிழை அதுவரை ஒருவரும் பாராட்டியதில்லை. அவள் இருந்துவிட்டாள்.

மிதுனா அடுத்த கிழமை புலமைப்பரிசில் கிடைத்து அவுஸ்திரேலியாவுக்குப் போனார். தெய்வானையின் வயிறு பெருத்தது. ஒழுங்கைச் சனம் வந்து அதில் காது வைக்கத் தொடங்கியது. யார் எதற்கு ஏங்கினார்களோ அது கேட்டது. கனகசபாபதிக்குக் கைதட்டல் கேட்டது. முத்துலிங்கத்துக்கு மன்னாரில் விட்டுவந்த வீட்டுக் கிணற்றின் கப்பி கேட்டது. யானையைக் குளிப்பாட்டித் தீனி போட்ட பழனியம்மா, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள், காதை வைத்துப் பார்த்துவிட்டு, “புள்ள இல்லீங்க, வலிதான் கேக்குது. எங்க லயத்துல மாட்டுக்கு இப்புடி இருந்துச்சு” என்றாள். அவள் அதை எழுத்தில் தராதபடியால் சபை கவனத்தில் எடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் பேர்ணடெற் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலே போய்க் காதை வைத்தாள்.

“ஏன் இவ்வளவு லேட்?” என்றது ஒரு பிள்ளை.

அசல் கொட்டாஞ்சேனைத் தமிழ். பெண்பிள்ளை. அன்றிலிருந்து பேர்ணடெற்றின் சாப்பாட்டு நேரம் இரண்டாம் மாடியில்தான். என்ன கறி என்று பிள்ளை கேட்கும். பருப்பு என்றால், “நேத்தும் அதுதானே, டாடி ஒண்டும் சொல்ல இல்லையா?” என்று கேலி செய்யும். பத்துவரை எண்ணப் பழகியது. ஏழை மட்டும் எப்போதும் விட்டுவிடும். ரெயில் போகும்போது கதையை நிறுத்தி, போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பேர்ணடெற் கிளெமென்ற்றைக் கூப்பிட்டாள். அவன் வர மறுத்தான். “எனக்கு ஒண்டும் கேக்காட்டி?” என்றான்.

அவுஸ்திரேலியாவிலிருந்து ஈமெயில்கள் வந்தன. ஊசி தொடங்கியாச்சா அக்கா? கட்டி எவ்வளவு இப்ப? பேர்ணடெற் ஒவ்வொன்றுக்கும், தங்கள் கடிதம் கிடைத்தது, நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று பதில் போட்டாள். அப்படி எழுதி எட்டுப் பதில்கள் போயின. ஊசி போட்டால் கட்டி அடங்கும். கட்டி அடங்கினால் யார் அடங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பதினான்காம் மாதம் தெய்வானை தீனியைக் குறைத்தாள். தரையில் ரத்தம் கண்டது. பழனியம்மா அதைச் சீலைத்துணியால் துடைத்து, துணியை மடித்து, பேர்ணடெற்றின் தட்டச்சு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்று மதியம் பிள்ளை கறியைப் பற்றிக் கேட்கவில்லை.

“அம்மா, இவங்களுக்கு நோகுது. நான் பெருக்கப் பெருக்க நோகுது.”

“நீ கொஞ்சம் ஒதுங்கி இரேன் மகள்.”

“ஒதுங்க இடம் இல்ல அம்மா.”

“நான் சொல்லிட்டா நீ எங்க போவாய்?”

“தெரியா. நீங்க சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு யானைக்கு வளைகாப்பு. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு வழக்கம் இல்லை. டீவி சீரியல் வழியாக வெள்ளவத்தைக்கு வந்தது, வந்தபிறகு பரம்பரை வழக்கமாயிற்று. ஆமர் வீதியில் இரும்புக்கம்பி வளைத்து, சிவப்பும் பச்சையும் பெயின்ற் அடித்து, நாற்பது வளையல்கள் செய்திருந்தார்கள். தெய்வானை நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். தலைவர் முதல் வளையலைத் துதிக்கையில் ஏற்றப்போனபோது பேர்ணடெற் எழும்பினாள்.

“சேர், வளர்ச்சி எண்டு நான் போட்டது பிழை. அது கட்டி. எனக்கு முதலே தெரியும். ஊசி போட்டிருந்தா இவங்க சுகமா இருந்திருப்பாங்க.”

வளையல்கள் கிலுங்கின. கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி, அது ஏகமனதா நிறைவேறின மினிற்ஸ். அதைத் திருத்திறதெண்டால் விசேட பொதுக்கூட்டம் வேணும். இருபத்தொரு நாள் நோட்டிஸ். உமக்குத் தெரியாததே? சபை யாப்பைத் தமிழில எழுதினது நீர்தானே.”

நோட்டிஸையும் அவளே தட்டச்சு செய்தாள். அன்றே மிதுனாவுக்கு உண்மையையும் எழுதினாள். மிதுனா திட்டவில்லை, ஊசி மருந்தை விமானத்தில் அனுப்பி, தெரிந்த வைத்தியர் ஒருவரையும் ஏற்பாடு செய்தார். ஊசி ஏறிய அன்று பின்னேரம் பிள்ளை எண்ணத் தொடங்கியது. ஆறுக்குப் பிறகு ஏழு சொன்னது. எட்டு சொல்லவில்லை. பேர்ணடெற் ஆறுமணி ரெயில் போகும்வரை காதை எடுக்கவில்லை. போனபிறகும் எடுக்கவில்லை.

நோட்டிஸ் போட்ட பத்தொன்பதாம் நாள் தெய்வானை முன்னங்கால்களை மடித்து, விளையாட்டாகப் படுப்பதுபோலப் படுத்து, இறந்தாள். செத்த உடம்பு லிஃப்ற்றுக்குள் போகவில்லை. இந்தத் தடவை அவள் ஒத்துழைக்கவில்லை. பல்கனிச் சுவரை உடைத்தார்கள். கிளெமென்ற் துறைமுகத்தில் ஒருநாள் லீவு போட்டு, கிரேனோடு வந்தான். இறக்கமுதல் மேலே ஏறி, தொப்பியைக் கழற்றி, அந்த வயிற்றில் கனநேரம் காதை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, “நான் முந்தியே வந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். கண்ணாடிச் சாமான் இறக்குவதுபோல அவ்வளவு மெதுவாக இறக்கினான். வைத்தியர் வெட்டிப் பார்த்தபோது ஒரு பாரவண்டிச் சக்கரம் அளவில் கட்டி இருந்தது. வேறொன்றும் இருக்கவில்லை.

இருபத்தோராம் நாள் பொதுக்கூட்டம் குறித்தபடி நடந்தது. ‘வளர்ச்சி’ என்பது ‘கட்டி’ என வாசிக்கப்படவேண்டும் என்ற திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. வடை இருந்தது.

அந்த மாதக் கடைசியில் பேர்ணடெற் களுபோவிலவுக்குப் போனாள். இந்தத் தடவை திகதியைத் தள்ளிப்போடவில்லை. ஒப்பரேசனுக்கு முதல் படிவம் நிரப்பியது டில்ஷானி என்ற நர்ஸ். கிளெமென்ற் பக்கத்தில் வாங்கில் இருந்தான்.

“பிள்ளைகள் எத்தனை?”

“ஒண்டு.”

கிளெமென்ற் தலையைத் தூக்கிப் பார்த்தான். மறுக்கவில்லை.

“நோர்மலா, சிசேரியனா?”

“ரெண்டும் இல்ல மிஸ். யானைக்குள்ள.”

டில்ஷானி பேனையை நிறுத்தாமல் ‘வேறு’ என்ற கட்டத்தில் சரி போட்டாள். உயிரோடு இருக்கிறதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். அடுத்ததாகப் பிள்ளையின் பெயரைக் கேட்டாள்.

பேர்ணடெற் வாயைத் திறந்தாள். பதினொரு மாதம் ஒவ்வொரு மதியமும் கதைத்திருந்தும், அவள் பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்துபோயிருந்தாள்.