பக்கத்துக் கட்டில்

மழைக்காலம் வந்துவிட்டால் குழந்தைகள் வார்டில் இருமல் சத்தம் ஓயாது. வழக்கமாகக் கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு தரும் வைரஸ் முதலில் வரும். அது அடங்கிய பிறகே ஃப்ளூ தலைகாட்டும். அந்த வருடம் இரண்டும் சேர்ந்தே வந்து இறங்கின. தனியறைகள் நிரம்பி, ஃப்ளூ பிள்ளைகளையும் பொது வார்டிலேயே திரைகட்டிப் படுக்கவைத்தார்கள்.

மெக்கானிக்கின் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மூச்சிரைப்போடு வந்தவள் தேறிவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன மறுநாள் விடிகாலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே குழிந்தது. மறுபடி ஆக்சிஜன் வைத்தார்கள். சோதித்ததில் ஃப்ளூ என்று வந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்த கண்டக்டர் மகனுக்கும் அதே ஃப்ளூ.

மெக்கானிக் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பத்தை உருவினார். மகனுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த கண்டக்டர் நிமிர்வதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது வாயில். உதடு கிழிந்து, பல் உடைந்து, பையனின் போர்வையெல்லாம் ரத்தம். கண்டக்டரும் லேசுப்பட்டவரில்லை. மெக்கானிக்கின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். விலக்கப்போன டாக்டரம்மாவின் மூக்கில் யாருடைய முழங்கையோ இடித்தது. கட்டிப் புரண்டவர்கள் குழந்தையின் கட்டில்மேல் சாய்ந்ததில் ஆக்சிஜன் குழாய் பிய்த்துக்கொண்டு போனது.

மெக்கானிக்கின் மனைவி அவர் முதுகில் மாறி மாறிக் குத்தினாள். பிறகு கத்தாமல் சொன்னாள்: "ஏங்க, பாப்பா மூச்சு விடல."

அவர் கை தானாக விழுந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் ரப்பர் பையை முகத்தில் வைத்து அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தினாள். கடைசியில், பூனைக்குட்டி கத்துவதுபோல ஓர் அழுகை வந்தது.

காவலாளிகள் மெக்கானிக்கின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். டாக்டரம்மா மூக்கில் பஞ்சோடு அவர்முன் வந்து நின்றார்.

"அந்தப் பையன் நேத்து சாயங்காலம்தான் வந்தான். உங்க பொண்ணுக்கு விடியறதுக்குள்ள காய்ச்சல். ஃப்ளூ அவ்வளவு சீக்கிரம் காட்டாது. முன்னாடியே யார்கிட்டயிருந்தோ தொத்தியிருக்கு."

மனைவி குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கதாங்க. நாலு நாளா இருமிக்கிட்டே அவளைக் கொஞ்சினீங்க. மாஸ்க் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

போலீஸ் கூட்டிப்போனபோது அவர் முரண்டு பிடிக்கவில்லை.

ஜாமீனில் வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். குணமான மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டர் வாசலில் வந்துகொண்டிருந்தார். தையல் போட்ட வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. மெக்கானிக் அவர் காலில் விழுந்தார். கண்டக்டர் பையனின் முகத்தைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, நிமிர்ந்த மெக்கானிக்கின் மார்பில் ஓங்கி ஓர் உதை விட்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மெக்கானிக் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போனார். குழந்தை பிழைத்துவிட்டாள், வார்டின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி அவரைப் பார்த்தாள். உள்ளே வர வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள்.