கனமாகக் கிடப்பது

“படுங்க” என்றாள் என் மனைவி. மெஷினில் பாதி ஓடிக்கொண்டிருந்த திரைச்சீலையை அப்படியே விட்டுவிட்டு, நூல் துணுக்குகளைக் காலால் ஒதுக்கித் தரையில் மல்லாந்தேன். கல்யாணமானதிலிருந்து அவள் சொன்ன மறுநொடியே நான் செய்கிற வேலை இது ஒன்றுதான். தலைமாட்டில் வந்து குந்தினாள். என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் என் அக்குளுக்குள் விட்டு, என் முன்கையை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். மூச்சை இழுத்தாள். எழுந்தாள். அவளோடு நானும் பாதி எழுந்தேன். அப்படியே பின்னோக்கி நடந்து, தையல் அறையிலிருந்து கூடத்தின் வழியாக வாசற்கதவு வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மெதுவாக இறக்கிவிட்டு, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, “எப்படி?” என்றாள்.

“பூ மாதிரி தூக்கிட்டே” என்றேன்.

“பூவா? பூசணிக்கா” என்றாள் எங்கள் மகள், கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பூசணிக்காய் என்றதில் எனக்கு வருத்தமில்லை. காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாயும்போது எழுந்திருக்கிறவன் நான். என் வயிறு எனக்கு முன்னால் போய் மெஷின் பலகையைத் தொடும். ஊரில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தைத்துக் கொடுத்து, கடைசியில் அத்தனை மடிப்பும் என் இடுப்பில் வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை காலம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவன், இப்போதுதான் வீட்டுக்கு உபயோகப்பட ஆரம்பித்திருந்தேன். அவள் வேலைக்கான தேர்வில் இழுக்கப்போகிற பொம்மையின் எடையும் என் எடையும் ஏறக்குறைய ஒன்று.

என் மனைவி ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவள். பார்த்தவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், பார்க்கிறவள்தான். முதுகில் அடிபட்ட பிறகு அவளைத் தொலைபேசி அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அழைப்பை எடுக்க வேண்டும், முகவரி கேட்க வேண்டும், வண்டி போய்ச் சேரும்வரை அந்தப் பக்கம் பதறுகிறவர்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல வேலைதான். மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடலாம். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவள்தான் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டில் கை வைக்காமல் சொன்னாள்: “அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேக்கும். நம்ம ஆளுங்க குரல் கேக்கும். அதோட நான் போனை வச்சிடணும். அதுக்கப்புறம் அந்த மனுஷன் என்ன ஆனார்னு எனக்குத் தெரியாது. தினமும் பாதிக் கதை கேட்டுட்டு வீட்டுக்கு வர்றேன்.”

திரும்ப வண்டியில் ஏற வேண்டுமென்றால் உடல் தகுதித் தேர்வு. ஆள் கனத்துக்கு ஒரு பொம்மையை அறைக்குள்ளிருந்து தனியாக இழுத்து, வாசற்படி தாண்டி வெளியே கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரே வாய்ப்புதான். தவறினால் தொலைபேசி அறையே நிரந்தரம்.

ஜிம்முக்குப் போயேன் என்றேன். “இரும்புக்குப் பிடி இருக்கும். மனுஷனுக்கு எங்க இருக்கு பிடி?” என்றாள். ஆகவே எங்கள் வீடே ஜிம் ஆயிற்று. பெரிய சாமான் ஒன்றுமில்லை. முதுகு வைத்தியம் பார்த்த பெண் கொடுத்த பச்சை ரப்பர் பட்டை ஒன்று, நான் உயரத் துணி எடுக்க ஏறுகிற முக்காலி, ஒரு பழைய ஜமக்காளம், அப்புறம் நான் தைத்துக் கொடுத்த மணல் மூட்டை. திரைக்கு அடித்துணியாகப் போடுகிற முரட்டுத் துணியில், இரட்டைத் தையல் போட்டு, மணல் ஒரு துளி சிந்தாமல் தைத்தேன். தூக்க வசதியாக இருக்கட்டுமே என்று இரண்டு பக்கமும் அழகாகக் கைப்பிடி வேறு வைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டு, “இந்தக் கைப்பிடியைப் பிரிச்சிடுங்க” என்றாள். தைத்ததைப் பிரிக்கிறதைப்போல ஒரு தையல்காரனுக்கு வேறு தண்டனை கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே பிரித்தேன்.

அவள் செய்கிறதைப் பார்க்க வேண்டுமே! முதலில் ஒன்றும் முடியவில்லை. ஜமக்காளத்தில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்க வேண்டும். தூக்கினால் தொடை நடுங்கும், அப்படியே விழுவாள். விழுந்த இடத்திலேயே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒருமுறை அவள் கண் ஓரத்தில் நீர் நின்றதைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காததுபோல மெஷினை ஓட்டினேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் ஜமக்காளத்தை உதறுகிற சத்தம் கேட்கும். நாற்காலியில் உட்காரப் போய் உட்காராமல் எழுவாள். ரப்பர் பட்டையை மெஷின் காலில் மாட்டி இழுப்பாள். மெஷின் என் பக்கம் ஆடும், தையல் கோணும், நான் கத்துவேன், அவள் எண்ணிக்கையை விடாமல் முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறி இறங்குவாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூட்டை நகர்ந்தது. பிறகு அம்மி வேண்டுமே என்று என்னைப் படுக்கச் சொன்னாள். நானும் நகர்ந்தேன்.

அவள் தோள்பட்டை திரண்டுவந்தது. குனிகிற விதமே மாறிவிட்டது. கீழே விழுந்த ஊசியை எடுக்கக்கூட முதுகை வளைக்காமல் நேராக உட்கார்ந்து எழுந்தாள். இப்படி ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாளே என்று எனக்கு வெளியே சொல்ல முடியாத பெருமை. திரை வாங்க வருகிறவர்களிடம் சம்பந்தமில்லாமல், “வீட்டுக்காரி என்னையே தூக்கிடுவா, தெரியுமா?” என்று ஆரம்பிப்பேன். அவர்கள் என் வயிற்றைப் பார்ப்பார்கள். நம்ப மாட்டார்கள். அதிலும் எனக்கு ஒரு சுகம்.

தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க மகளை வீடியோ எடுக்கச் சொன்னாள். மகள் வாசற்பக்கமாக உட்காராமல், எதிர்ப்புறம் போய், என் கால்மாட்டில் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டு எடுத்தாள். மூவரும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். மனைவியின் முதுகு சுவர் மாதிரி நேராக இருந்தது. “பாத்தியா!” என்றேன். மகள் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடியும் ஓட்டினாள்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் ஒவ்வொரு அடி பின்னால் வைக்கும்போதும் என் குதிகால்கள் இரண்டும் தரையை எட்டி உதைத்தன. முழங்கால் மடங்கி, ஊன்றி, தள்ளி. நீச்சல் பழகுகிற தவளை மாதிரி. அவளுக்கு அது தெரிய வழியே இல்லை. நடுவில் என் வயிறு மறைத்துக்கொண்டிருந்தது.

“அப்பா, நீதான்பா நடந்து போயிருக்கே. அம்மா சும்மா புடிச்சிக்கிட்டு வந்திருக்காங்க” என்று மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தவள், போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. “எனக்கே தெரியாது. சத்தியமா” என்றேன். அது பாதிதான் உண்மை. உதைத்தது தெரியாது. ஆனால் அவள் மூச்சு வாங்கும்போது என் உடம்பை நான் எப்படியோ லேசாக்கிக்கொள்கிறேன் என்பது உள்ளூரத் தெரியும். “ஒரு உதவிதானே. நீ கஷ்டப்படறே, நான் எப்படி அப்படியே கிடக்கிறது?”

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் பேசினாள். “என் முதுகு எப்படிப் போச்சு, தெரியுமா?”

“தெரியும். குளியலறையில விழுந்த ஆளைத் தூக்கும்போது...”

“தூக்கும்போது போகல. தூக்கிட்டேன். நல்லாத்தான் தூக்கிட்டேன். அந்தப் பெரியவர் என் முகத்தைப் பாத்தார். ‘பாவம், பொம்பளப் புள்ள, நான் இவ்வளவு கனமா இருக்கேனே’ன்னார். உதவி பண்றேன்னு கால ஊனி எழப் பாத்தார். பாதி எழுந்தார். அதுக்கு மேல அவர் காலால முடியல. விட்டுட்டார். லேசாயிட்டாரேன்னு என் கை கொஞ்சம் தளர்ந்த நேரம் பாத்து மொத்தக் கனமும் ஒண்ணா இறங்குச்சு. கீழ விடல நான். அவரை விடல. ஆனா முதுகு போச்சு. இரக்கப்பட்டுத்தான் முதுகு போச்சுங்க. அவர் கனத்தால போகல.”

என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டைக்குக் கைப்பிடி தைத்த கைகள்.

“அந்தப் பொம்மை எனக்காக இரக்கப்படாது” என்றாள். “நீங்களும் படாதீங்க. என்னால முடியலன்னா முடியலன்னு எனக்குத் தெரியட்டும்.”

அன்றைக்கே மறுபடி இழுத்தாள். நான் காலை ஊன்றவே கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்ததில் உடம்பு விறைத்து, கட்டைமாதிரி ஆகிவிட்டது. கட்டையைத் தூக்குவது சுலபமாம். அதுவும் ஆகாது. துவண்டு கிடக்க வேண்டும். மகள் என் கையை மேலே தூக்கி, “விடுப்பா” என்று விட்டாள். கை அந்தரத்திலேயே நின்றது. “விடுன்னா விடணும்பா.” விட்டேன் என்றேன். கை அங்கேயேதான் நின்றது. வீட்டில் எல்லோரும் என்னைச் சும்மா இருக்கிறவன் என்று ஏசியிருக்கிறார்கள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆக அவள் ஒரு பக்கம் முக்காலியில் ஏறி இறங்க, நான் ஒரு பக்கம் ஜமக்காளத்தில் கிடந்து துவளப் பழகினேன். துவண்ட பிறகு இழுத்தால் அவளால் கூடத்தைத் தாண்ட முடியவில்லை. பாதியில் இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். அப்போதெல்லாம் என் குதிகால் தானாக மடங்கப் பார்க்கும். எவ்வளவு பெரிய பாவி நான் என்று தோன்றும். வாயைத் திறந்தால், விட்டுவிடு, அந்த போன் வேலையே போதும் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

தேர்வன்று காலை, கிளம்புகிற உடுப்பிலேயே வந்து நின்றாள். “ஒரே ஒரு தடவை” என்றாள். இப்போது தூக்கிக் களைக்க வேண்டுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் படுத்தேன். குளிருக்குக் காலுறை போட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் கைகள் அக்குளுக்குள் வந்தன. என் தலை அவள் தோளில் சரிந்தது; சரியட்டும் என்று விட்டேன். எழுந்தாள். நான் இவ்வளவு கனம் என்று அன்றுவரை எனக்கே தெரியாது. என் தொடை, என் வயிறு, என் தோள் எல்லாம் தனித்தனியாகத் தரையைப் பார்த்துத் தொங்கின. அவள் நெஞ்சு என் முதுகில் ஏறி இறங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. கூடத்து நடுவில் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் வலியில்கூடக் கேட்டிராத சத்தம். நின்றுவிட்டாள். என் வலது கால் விரல்கள் மடங்கின. வேண்டாம் என்று அவற்றைக் கெஞ்சினேன். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை எடுக்கவில்லை. அது என் கை இல்லை என்று விட்டுவிட்டேன்.

நகர்ந்தாள்.

மகள் ஓடிப்போய் வாசற்கதவைத் திறந்தது கேட்டது. குளிர்காற்று கழுத்தில் பட்டது. அவள் குதிகால் வாசற்படியைத் தேடித் தட்டியது, தட்டுப்பட்டது, ஏறியது. ஒரே மூச்சில் என் இடுப்பு படியை விட்டு மேலே எழும்பியது. கண்ணைத் திறந்தேன். எதிரே வெகுதூரத்தில் என் கால்கள் இரண்டும் யாரோ ஒருவனுடையவைபோல ஒன்றும் செய்யாமல் பின்னால் வந்துகொண்டிருந்தன. படியில் தட்டி, இடது காலுறை கழன்று உள்பக்கமே நின்றுவிட்டது. வெறுங்கால் அதைத் தாண்டி வெயிலுக்குள் வந்தது.