திகதி தெரியாத சாவு

யோகா மெல்பேணில், கோல்ஃபீல்டில், சில்பர்மன் என்ற யூதக் கிழவரைப் பராமரித்து வந்தாள். அவர் போலந்துக்காரர். சிறுவனாக இருந்தபோது நாஜிகள் அவருடைய ஊர் யூதர்களைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். தாயும் தங்கைகளும் அங்கே செத்தார்கள். அண்ணன் மொட்டேக்கை மட்டும் வேலைக்கென்று லொறியில் ஏற்றினார்கள்; பிறகு தகவல் இல்லை. சில்பர்மன் ஒரு பன்றிக் கொட்டிலில் ஒளிந்து தப்பினார். பன்றிகள் நல்ல மாதிரி என்பார். சாப்பிட மட்டும் மாட்டார்.

ஒருநாள் மனைவியின் கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அந்தக் கல்லிலேயே அவருடைய தாய், தங்கைகள், அண்ணன் எல்லாருடைய பெயர்களும் இருந்தன. அண்ணன் பெயருக்கு நேரே திகதியும் இருந்தது. அது எப்படித் தெரியும் என்று யோகா கேட்டாள்.

"தெரியாது. கடிதம் வரும் என்று பல வருஷம் பார்த்திருந்தேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் மதகுரு, ராபை, ஒரு நாளைத் தெரிவுசெய்யச் சொன்னார். தபால்காரன் வராத நாளாகப் பார்த்துச் சொன்னேன்."

பிறகு, இப்படித் தகவல் இல்லாமல் போனவர் உனக்கு யார் என்று கேட்டார். யோகா அதுவரை அவரிடம் சொன்னதில்லை. இப்போது, பெயரை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னாள். இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த மே மாதம், வட்டுவாகலில், சரணடையச் சொன்னபோது, கணவன் குணரத்தினத்தை அவளே இராணுவத்திடம் கையளித்தாள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவன் பஸ்ஸில் ஏறினான். பின்பு அவள் கைக்குழந்தை ராகவியோடு படகேறி இங்கே வந்தாள்.

"செத்துவிட்டான் என்று நினைக்கிறாயா?"

"பகலில் ஓம். இரவில் இல்லை."

"நாள் குறித்த பிறகும் இரவு மாறாது," என்றார் கிழவர். "அந்த நாளில் மெழுகுதிரி கொளுத்துகிறேன். கொஞ்சம் வெளிச்சம் வரும். அவ்வளவுதான்."

குளிர் ஏறியதால் வீட்டுக்குப் போய் சூப் குடித்தார்கள்.

ஆடி அமாவாசையன்று த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டும் என்று யோகா, வளர்ந்துவிட்ட மகள் ராகவியிடம் சொன்னாள். ஒரு வருஷமும் அந்த நாளில் அவர்கள் போனதில்லை.

"அப்பா செத்திட்டார் எண்டு சொல்லுறீங்களாம்மா?"

"அப்பிடிச் சொல்லேல்லை. நீ காரை எடு."

ராகவி காரை எடுத்தாள். கோயிலில் ஐயர் மோட்ச அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். யோகா சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்தபின் அந்தப் பெயரை அவள் குடிவரவு அதிகாரிகளிடம் மட்டுமே உரத்துச் சொல்லியிருந்தாள். ஐயர் சரியாகக் கேட்கவில்லை என்றார். திரும்பவும் சொன்னாள்.

முகம் நினைவில்லாத தகப்பனுக்காக ராகவி அழுதாள். யோகா அழவில்லை. காரில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்தாள். நெற்றியில் குங்குமம் கொஞ்சம் கலைந்திருந்தது. சரிசெய்துகொண்டாள்.