நுரை ஊறும் நேரம்

"அதை மாட்டாதீங்க, தம்பி" என்று அவள் சொன்னபோது, கொழுந்தன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை ஒரு கையிலும் ஸ்பானரை மறு கையிலும் பிடித்தபடி, திறந்திருந்த பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான்.

"வண்டியை வெளிய எடுத்தாத்தான் அண்ணனை இங்க கொண்டுவந்து கிடத்த முடியும், அண்ணி. வீட்டுக்குள்ள நிக்கவே இடமில்லை."

"ஈரம் காயலை. இப்ப மாட்டினா ஏதாவது புகைஞ்சிடும்."

"அப்ப தள்ளிடறோம். நாலு பேர் இருக்கோமே."

"தள்ளி வெளிய விட்டா, வண்டிக்காரர் பல் டாக்டர் வந்து சாவியைத் திருப்புவார். அவருக்கு என்ன தெரியும்?"

வாசலில் நின்றிருந்த மூத்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "வீட்ல எழவு விழுந்திருக்கு. உனக்கு இன்ஜின் கேக்குதா?"

"அவர் இன்ஜின் கழுவ ஏத்துக்கிட்ட வண்டி, அக்கா. அரைகுறையா விட்டா பேரு அவருக்குத்தான் கெடும்."

நாத்தனார் உள்ளே போனாள். கொழுந்தன் ஒயரைக் கீழே வைத்தான். அவள் துணியை எடுத்தாள்.

காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் போட்டால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். துக்க வீட்டில் அந்தச் சத்தம் ஆகாது என்று அவள் துணியைத் திரியாக முறுக்கி, ஸ்பார்க் பிளக்குகள் அமர்ந்திருக்கும் குழிகளுக்குள் ஒவ்வொன்றாக விட்டு ஈரத்தை எடுத்தாள். நேரமாகும். ஆகட்டும் என்றுதான் இருந்தது.

பதினெட்டு ஆண்டுகளாக வேலை ஒரே வரிசையில்தான் நடந்துவந்தது. இன்ஜின் ஆறும்வரை கணவர் தொடமாட்டார். ஆறியபின் பேட்டரி ஒயரைக் கழற்றுவார். நீர் படக்கூடாத இடங்களைப் பிளாஸ்டிக் பையால் மூடி, சைக்கிள் ட்யூப் பட்டையால் கட்டுவார். பிறகு அழுக்கு நீக்கும் நுரையைத் தெளித்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் அமர்ந்து "அஞ்சு நிமிஷம்" என்பார். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அஞ்சு நிமிஷம் வீடு, அஞ்சு நிமிஷம் சம்சாரம். ஐந்து நிமிடம் ஊறியதும் மெல்லிய நீரால் அலசுவது அவள் வேலை. நுரையைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாகக் கறை விழும்.

இன்று காலை அவள் அடுப்படியிலிருந்து வந்தபோது ஓரங்களில் நுரை காயத் தொடங்கியிருந்தது. அவர் நாற்காலியில் தலை சாய்த்திருந்தார். கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, நேரே குழாயைத் திறந்தாள். அலசிக்கொண்டே திட்டினாள். ராத்திரியெல்லாம் செல்போனைப் பார்த்தால் பகலில் இப்படித்தான் என்றாள். ஊருக்கெல்லாம் அஞ்சு நிமிஷம், எனக்கு மட்டும் அரை மணியா என்றாள். அவர் பதில் சொல்லாதது புதிதல்ல. அவள் பேச்சு முடியும்வரை காத்திருந்து ஒரே சொல்லில் மடக்குவது அவர் வழக்கம். எனவே அவருக்குரிய பதில்களையும் அவளே சொல்லி, அவற்றுக்கும் பதில் சொன்னாள். ஏறக்குறையப் பத்து நிமிடம். கடைசியில், என்ன தோன்றியதோ, குரலைத் தணித்து, "சரி, தூங்குங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்படி அவள் சொல்லிப் பல ஆண்டுகள் இருக்கும்.

குழாயை மூடியபின்தான் அருகில் போனாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து, "ஹார்ட் ஒரு நொடியில நின்னிருக்கும்" என்றார். எந்த நொடி என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இப்போது ஃபியூஸ் பெட்டியை மூடியிருந்த பை மட்டும் மிஞ்சியிருந்தது. பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை அடியில் செருகும் அவருடைய முடிச்சு. நகத்தால் நெம்பினால் அவிழும். எத்தனையோ முறை அவிழ்த்திருக்கிறாள். இன்று பெட்டியின் ஒவ்வொரு மூலையாகப் பையை மேலே நகர்த்தி, முடிச்சோடு முழுதாக உருவி எடுத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பிறகு ஒயரை மாட்டினாள்.

பல் டாக்டர் வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வண்டியருகே நின்றார். "வண்டிக்கு என்னம்மா அவசரம்? நாளைக்கு எடுத்துக்க மாட்டேனா?"

"இந்த இடம் வேணும், டாக்டர். கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாத்துட்டுத் தர்றேன்."

இன்ஜின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அந்த ஓசையில், தான் பேசுவது உள்ளே கேட்காது என்று உறுதியானதும், அவள் பல் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும். போற நேரத்துல எல்லாம் அடங்கினாலும் காது மட்டும் கேக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

"நான் பல் டாக்டர்மா."

"தெரியும். இப்ப எனக்குக் கிடைச்ச டாக்டர் நீங்கதான்."

"சிலர் அப்படிச் சொல்றாங்க." கைக்குட்டையை எடுத்தார், பயன்படுத்தாமல் மடித்தார். "பேசிட்டிருந்தீங்களா?"

"ஆமா. இதை முழுக்க அலசி முடிக்கிற வரைக்கும்."

அவர் இன்ஜினைப் பார்த்தார். எந்த இடத்திலும் ஒரு கறை இல்லை.

"என்னம்மா சொன்னீங்க?"

"வேலை விஷயந்தான்."

"அவர் எப்பப் போனார்னு எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்லத் தோணுது. சொன்னா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க."

அவள் தலையசைத்தாள். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். பல் டாக்டர் தாங்குகம்பியை எடுத்துவிட்டு, சத்தம் எழக் கூடாதென்று பானெட்டை இரு கைகளாலும் மெல்ல இறக்கி, உள்ளங்கைகளால் அழுத்தினார். அது பூட்டிக்கொள்ளவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"அப்படி மூடாது, டாக்டர். மேலேருந்து போடணும்."

அவளே அதை ஒரு சாண் உயரம் தூக்கிக் கையை எடுத்தாள். அது விழுந்து பூட்டிய ஓசையில் உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நிறுத்தினார்கள். அவள், கணவர் கிடந்த பக்கமாகக் காதைச் சற்றே சாய்த்தபடி நின்றாள்.