தியாகராஜா வீட்டுக் காற்று

லண்டன் செவன் கிங்ஸில் தியாகராஜாவின் முன்னறை யன்னல் இடுக்கால் வந்த காற்று பத்தொன்பது வருடம் அவருடைய தேநீரை ஆற்றிக்கொடுத்தது. பின்னேரம் நாலு மணிக்கு வரும். எதிர்க்கதிரையில் இருக்கும், மெத்தை சற்று அமுங்கும். பேப்பரைப் புரட்டி மரண அறிவித்தல் பக்கத்தில் நிறுத்தும். தெரிந்த ஆளென்றால் தியாகராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதற்கு வாசித்துக் காட்டுவார். ஆறரைக்கு வந்த வழியே போய்விடும். அந்த வீட்டுக்கு ஒழுங்காக வந்துபோக வேறு ஒருவரும் இருக்கவில்லை. மூன்று தங்கைமாரை ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்து முடிந்தபோது தியாகராஜாவுக்கு ஐம்பது வயது. அவருக்கும் ஒரு பெண் பார்க்கவேண்டும் என்பதைத் தங்கைமாரும் மறந்திருந்தார்கள், அவரும் மறந்திருந்தார்.

வீடு சூடாக்கும் காஸ் விலை ஏறிய வருடம் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த தங்கையின் மகள் கஜந்தினி, கோட்டைக் கழற்றாமலே சோறு சாப்பிட்டாள். "மாமா, நீங்கள் வீட்டைச் சூடாக்கேல்ல, றோட்டைச் சூடாக்குறியள்" என்றாள். அடுத்த கிழமை யன்னல் வேலை செய்யும் றெஜினோல்ட்டை அனுப்பிவைத்தாள். மன்னார்க்காரர் அவர். சாமியறையிலிருந்து ஊதுபத்தி ஒன்று எடுத்துக் கொளுத்தி, மேலும் கீழும் இழுக்கும் அந்தப் பழைய மரயன்னலின் ஓரமாகக் கொண்டுபோனார். புகை ஒன்பது இடத்தில் வளைந்தது.

"அண்ணை, இது யன்னலில்லை, மா அரிக்கிற அரிதட்டு."

இடுக்குகளில் காற்றைத் தடுக்கும் தூரிகைப் பட்டி அடித்தார். வெடிப்புகளைப் பசையால் அடைத்தார். சட்டத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஹெயர் டிரையரால் சூடுகாட்ட, தாள் மேளத்தோல் மாதிரி இறுகியது. வேலை முடிய ஐந்து மணி. காற்று அப்போது வீட்டுக்குள் இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

வீடு நன்றாகச் சூடாகியது. காற்றுக்குத்தான் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அதனால் பேப்பரைப் புரட்ட ஏலவில்லை. ஓரத்தை மட்டும் நடுக்கியது. தியாகராஜா பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துத் தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். யன்னலில் மிச்சம் பிடித்த காசெல்லாம் பிரிட்ஜில் போனது. ஒன்பதாம் நாள் அதற்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது. அவர் மரக்கறிக் கத்தியால் தாளைக் கிழித்து, யன்னலை உயர்த்தி, பதற்றத்தில் "போ" என்றார். அது போனது.

பிறகு யன்னல் திறந்தே கிடந்தது. மார்கழி முழுவதும், தை முழுவதும் ஓவர்கோட்டோடு இருந்து பார்த்தார். வேறு காற்றுகள் வந்தன. ஈரமானது ஒன்று, கோழிக்கடை மணத்தோடு ஒன்று. ஒன்றும் கதிரையில் இருக்கவில்லை. தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்குப் பொத்துப்போனது.

"மாமா, யன்னலைத் திறந்துவச்சுக்கொண்டோ ஹீட்டர் போடுறியள்?" போனில் கஜந்தினி.

"ஓம். ஒரு ஆள் வர இருக்கு."

அவள் அவரை டொக்டரிடம் கூட்டிப்போனாள். டொக்டர் கிழமையைக் கேட்டார், மாதத்தைக் கேட்டார், பிரதமரின் பெயரைக் கேட்டார். பிரதமர்கள் மாறிமாறி வந்த அந்த வருடம் அது டொக்டருக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. தியாகராஜா மூன்றையும் சரியாகச் சொன்னார்.

தாளைத் திரும்ப ஒட்ட வந்த றெஜினோல்ட் நடந்ததையெல்லாம் தியாகராஜா சொல்லக் கேட்டார்.

"என்ன சொல்லி அனுப்பினனீங்கள்?"

"போ எண்டு."

றெஜினோல்ட் கையிலிருந்த டிரையரைக் கீழே வைத்தார். "வெறும் போவோ? போட்டு வா எண்டு சொல்லேல்லையோ? பிறகென்னண்டு அண்ணை வரும்? எனக்கும் ரோசம் வரும்."

தியாகராஜா தேடிப் புறப்பட்டார். தமிழாட்கள் கூடும் ஈஸ்ட் ஹாம் நகைக்கடை வாசல்களில் பார்த்தார், இல்லை. நாலாம் நாள் செவன் கிங்ஸ் ஸ்டேஷன் மேடையில், நீள வாங்கொன்றில் ஆரோ விட்டுப்போன இங்கிலீஷ் பேப்பரைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தது. மெலிந்திருந்தது. அவர் அதே வாங்கில் இருந்தார். இரண்டு ரயில் போயின. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கடைசியில் எழும்பி, "சரி, நான் போட்டு வாறன்" என்றார்.

நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. சந்தியில் அவருடைய மப்ளர் நுனி தானாக எழும்பியது.

றெஜினோல்ட் முன்னறை யன்னலை இறுக்கி அடைத்து, ஹீட்டர் இல்லாத பின்னறையில் மட்டும் ஒரு விரல் இடுக்கு விட்டார். காற்று இப்போது ஆறரைக்குப் போவதில்லை, அங்கேயே படுத்துக்கொள்கிறது. அதுவரை அதை விருந்தாளி என்றே நினைத்திருந்த தியாகராஜா, பங்குனியில் கவுன்சிலுக்கு எழுதினார்: தனியாக இருப்பவருக்கு வீட்டு வரியில் தரும் கால்வாசிக் கழிவு இனி எனக்கு வேண்டாம், இந்த வீட்டில் இரண்டு பேர். கவுன்சில் ஒன்றும் கேட்கவில்லை. கழிவை வெட்டி, நன்றி சொல்லிக் கடிதம் போட்டது.