இரண்டு ஆடி

மைசூர் நகர போர்டிலிருந்து அந்தக் கடிதம் வந்த நாள் முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாமராஜபுரத்துக்கு அப்பால் மேட்டுநிலத்தை வெட்டிச் சமன் செய்து, நேர்கோடாகத் தெரு போட்டு, புதிதாக மனை பிரித்திருந்தார்கள். அதில் முப்பத்தெட்டாம் நம்பர் மனை ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா வைத்யநாதனுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது; அடுத்த செப்டம்பர் பதினைந்தாம் தேதிக்குள் சுவர் எழுப்பிக் கூரை போட்டுவிட வேண்டும்; தவறினால் மனை வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் சொன்னது. வைத்யநாதன் என் வீட்டுக்காரர். பெயரை எழுதுவேனே தவிர வாயால் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு அந்த வீடு வேண்டியிருந்தது. ஆசைக்காக இல்லை. அக்ரஹாரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஐந்து குடித்தனம், ஒரே கிணறு, நடுப்பகலில்கூட விளக்கு வேண்டும். மழைக்காலம் வந்தால் எல்லோரும் பரணைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒரு எலி செத்து விழுந்தால் போதும், பிளேக் என்று சர்க்கார் ஆட்கள் வந்து வீட்டைப் பூட்டிவிடுவார்கள். ஊருக்கு வெளியே மைதானத்தில் கட்டியிருக்கும் கீற்றுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போனோம். திரும்பி வரும்போது எங்கள் காமு இல்லை. காமாக்ஷி என்று பெயர், நாலு வயது. பிளேக் கூட இல்லை, கொட்டகை ஒழுகி, நனைந்து வந்த ஜுரம். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இவர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

ஆகவே, பன்னிரண்டு மாதம் தாராளம் என்று இவர் சொன்னபோதே நான் விரல் விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தேன். புரட்டாசியில் ஆரம்பிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. மார்கழி ஆகாது. தையில் பூமி பூஜை போட்டோம். பங்குனியும் ஆகாது, வேலை நின்றது. சித்திரை, வைகாசியில் கருங்கல் அஸ்திவாரம் எழுந்து தரைமட்டத்துக்கு மேல் இரண்டு அடி வந்தது. இனி வாசலில் கதவு நிலை வைக்க வேண்டும். நிலை நின்றால்தான் அதை ஒட்டிச் சுவர் ஏறும். நிலை இல்லாமல் ஒரு செங்கல்கூட மேலே போகாது.

கொத்தனார் மல்லப்பன் கொள்ளேகாலத்துக்காரர். தமிழ்தான் பேசுவார், ஆனால் அவர் வீட்டில் மாதம் கணக்கிடுவது கன்னடக்காரர்கள் வழியில், அமாவாசைக்கு அமாவாசை; நமக்கு ஆடி போல அவர்களுக்கு ஆஷாடம் ஆகாத மாதம். ஆனி பாதியில் ஒருநாள் கரணையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

“அம்மணி, நாளையிலிருந்து ஆஷாடமுங்க. எங்க மாதேஸ்வரன் மேல ஆணை, ஆஷாடத்துல நிலை தொட மாட்டனுங்க. அமாவாசை போகட்டும், அடுத்த நாளே வந்து நிக்கறேன்.”

“எங்களுக்கு இது ஆனி மாசம் மல்லப்பா. ஆனிக்கு என்ன வந்தது?”

“உங்களுக்கு ஆனிங்க. எனக்கு ஆஷாடமுங்க. கை என்னோடதாச்சுங்களே.”

கை அவருடையதுதான். ஒரு மாதம் காத்திருந்தேன். தினமும் மத்தியானம் அக்ரஹாரத்திலிருந்து நடந்து போய், மழையில் நனைந்து கிடந்த அஸ்திவாரத்தைச் சுற்றி வருவேன். இரண்டு பக்கமும் நம்பர் எழுதிய முளைக்குச்சிகள், நடுவில் சிவப்பு மண் ரோடு, தூரத்தில் இரண்டோ மூன்றோ வீடு. ஒருநாள் எங்கள் மனைக்குள் ஒரு மனிதர் நின்று குடையால் அளந்துகொண்டிருந்தார். நீளம் இத்தனை குடை, அகலம் இத்தனை குடை. யார் என்று கேட்டேன். கோர்ட் குமாஸ்தாவாம். வரிசையில் அடுத்த பெயர் அவருடையதாம்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. சும்மா ஒரு அந்தாஜுக்கு, உத்தேசமா” என்றார். வாயெல்லாம் பல். பிறகு, “கிணறு இந்த மூலையிலா வரது?” என்று வேறு கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குடையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். நேராக வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டினேன்.

இவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “அமாவாசை என்னிக்குன்னு பார்த்தியா? ஆடி பத்துக்கு வரது. அவன் ஆஷாடம் முடியறச்சே நம்ம ஆடி நடந்துண்டிருக்கும். ஆடியிலே நிலை வைக்கிறதாவது.”

நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. எங்கள் தஞ்சாவூரில் ஒரே ஆடி. கொள்ளேகாலத்தில் ஒரே ஆஷாடம். மைசூரில் தமிழன் மனை வாங்கி இன்னொரு பஞ்சாங்கத்துக் கொத்தனாரை வைத்தால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கழுத்தில் உட்காரும். ஆனி பாதியிலிருந்து ஆவணி வரை ஐம்பது நாள். ஆவணி முதல் தேதி ஆரம்பித்தால் செப்டம்பர் பதினைந்துக்கு நாலு வாரம். நாலு வாரத்தில் மாட்டுக் கொட்டில்கூடக் கட்ட முடியாது.

“அப்போ மனை போகட்டுமா?” என்றேன்.

“ஆவணியிலே பார்த்துக்கலாம்.”

“ஏன்னா, குடைக்காரர் கிணத்துக்கு மூலை பார்த்துட்டுப் போயிட்டார்.”

“ஆடியிலே கிடையாது வாலா. அவ்வளவுதான்.”

இவர் சாதாரணமாக என் பெயரைச் சொல்லி இப்படி அடித்துப் பேசுகிறவர் இல்லை. நான் குரலை உயர்த்தினால் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விடுவார். அன்று போகவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். சாஸ்திரத்தைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று இரண்டு நாள் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்குத்தான் தண்டனை.

அமாவாசை கழிந்தது. சொன்ன சொல் தவறாமல் மல்லப்பன் மறுநாள் ஆட்களோடு வந்து நின்றார். இவர் “ஆவணி” என்று சொல்லிவிட்டு, மத்தூர், மண்டியா ஸ்டேஷன்களில் சரக்குக் கணக்கு பார்க்க மூன்று நாள் டியூட்டியில் ரயிலேறிவிட்டார். மல்லப்பன் மனையில் கிடந்து மழையில் ஊறிய நிலையைத் தடவிப் பார்த்தார். நல்ல தேக்கு.

“வெள்ளிக்கிழமை எப்படி மல்லப்பா?” என்றேன்.

“ஆஷாடம் போயி ஸ்ராவணம் பொறந்தாச்சு, அதுல முதல் வெள்ளிங்க. இதைவிட நல்ல நாள் தேடுனாலும் கெடைக்காதுங்க. ஆனா ஐயனுக்கு ஆடியாச்சுங்களே.”

“இது யார் மண்ணு?”

“மைசூர் மண்ணுங்க.”

“அப்போ மைசூர் மாசந்தான் செல்லும். மண்ணுக்குத் தமிழ்ப் பஞ்சாங்கம் தெரியாது.”

“ஐயன் வந்து ஏசுனா?”

“ஏசினா என்னை ஏசட்டும். நீங்க நிலையைத் தூக்குங்கோ.”

வெள்ளிக்கிழமை காலை நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டேன். குழியில் நவதானியம் போட்டேன், பால் ஊற்றினேன். தம்பதியாக நின்று செய்ய வேண்டிய காரியம். இவருடைய அங்கவஸ்திரத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதை என் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் செய்வதை ஒருத்தியாகச் செய்தேன். ஆட்கள் நாலு பேர் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். மல்லப்பன் தூக்குநூல் விட்டுப் பார்த்து, காரை போட்டு இறுக்கினார். வெறும் வெளியில் ஒரு வாசல் மட்டும் நின்றது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றே இரண்டு வரிசை செங்கல் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இவர் ஸ்டேஷனிலிருந்து நேராக மனைக்கே வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. பெட்டியை ரோட்டிலேயே வைத்துவிட்டு நிலையைப் பார்த்தபடி நின்றார்.

“மல்லப்பா, இதைப் பிடுங்கு” என்றார்.

மல்லப்பன் சாரத்திலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார்.

“பிடுங்கச் சொல்றேனே.”

எனக்கு அடக்க முடியவில்லை. “பிடுங்குங்கோ மல்லப்பா. மனையும் போகட்டும். அடுத்த தடவை எலி விழுந்தா எந்தக் கொட்டகைக்குப் போறதுன்னு மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்கோ.”

“கொட்டகைக்கு எந்த மாசம் போனோம்னு உனக்கு நினைவிருக்கா?” என்றார் இவர்.

எனக்கு நினைவில்லை. மழை நினைவிருந்தது, கீற்று ஒழுகியது நினைவிருந்தது, காமுவின் நெற்றி கொதித்தது நினைவிருந்தது. மாதம் நினைவில்லை.

“ஆடி இருபத்திரண்டு. ஆடியிலே வீடு மாறக் கூடாதுன்னு அந்த அதிகாரி கிட்டே கெஞ்சினேன். பத்து நாள் கொடுங்கோ, ஆவணி பொறந்ததும் என் சம்சாரத்தோட அண்ணா ஆத்துக்குப் போயிடறோம்னேன். கேக்கலை. நானும் சரின்னு பெட்டியைத் தூக்கிண்டு கிளம்பிட்டேன். நான்தான் அவளைத் தோள்ளே தூக்கிண்டு போனேன் வாலா. ஆடியிலே.”

எட்டு வருஷமாக இந்த மனிதர் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் கோபம் போகவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

“மாசம் அவளைக் கொல்லலை. கூரை கொன்னுது” என்றேன். “கூரைன்னு ஒண்ணு சரியா இருந்திருந்தா எந்த மாசமா இருந்தாலும் அவ இருந்திருப்பா. எனக்கு அதுதான் வேணும். ஒழுகாத கூரை.”

இவர் கிட்டே போய் நிலையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். பலங்கொண்ட மட்டும் உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. கையில் ஒட்டிய மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மல்லப்பன் மறுபடி சாரத்தில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டது கிடையாது. மழை விட்ட நேரத்தில் சுவர் ஏறும், மழை வந்தால் பச்சைச் சுவர்மேல் கீற்றுப் போட்டு மூடுவோம். மங்களூர் ஓடு வர வேண்டிய கூட்ஸ் வண்டி ஒரு வாரம் தாமதம். இவர் ஆபீசுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஸ்டேஷனில் போய் நின்று அந்தச் சரக்குப் பெட்டியைத் தேடிப் பிடித்தார். ஓடுகளை வண்டியிலிருந்து தன் கையாலேயே இறக்கினார், அடுக்கினார், சுண்ணாம்பு அரைக்கும் இடத்துக்குத் தண்ணீர் சுமந்தார். ஆனால் அந்த வாசல் வழியாக மட்டும் உள்ளே போகவில்லை. எல்லாம் பின்பக்கச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான். நானும் ஏன் என்று கேட்கவில்லை. குடைக்காரர் இரண்டு தடவை ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை குடையை விரிக்கக்கூட இல்லை, நனைந்துகொண்டே போனார். அப்போது அவர்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அவரும் எந்த இருட்டு வீட்டில் எலியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரோ.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கடைசி ஓடு ஏறியது. பதினோரு மணிக்குப் போர்டு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கன்னடக்காரர், வெடுக்கென்று பேசுகிறவர். கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், வாசல் வழியாக உள்ளே போனார். உள்ளேயிருந்து, வாருங்கள், எத்தனை அறை என்று காட்டுங்கள் என்று இவரைக் கூப்பிட்டார்.

இவர் வாசலில் நின்றார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார் என்று எண்ணினேன். என் கையைப் பிடித்தார். நாலு பேர் முன்னால் இவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வலது காலை எடுத்து வைத்து இருவரும் உள்ளே போனோம். உள்ளே தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. இவர் அண்ணாந்து ஓடுகளைப் பார்த்தபடியே நின்றார்.

ஓவர்சியர் பதிவேட்டைத் திறந்து ஜன்னல் திட்டில் வைத்துக்கொண்டு எழுதினார். மனை நம்பர், பெயர், உத்தியோகம், கூரை முடிந்தது, அறை மூன்று. பிறகு, வீட்டில் இருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

“மூரு ஜன” என்றார் இவர். மூன்று பேர்.

ஓவர்சியர் எங்கள் இருவரையும் பார்த்தார். இன்னொருவர் ஊரில் இருக்கிறார் போல என்று நினைத்திருப்பார். மூன்று என்று எழுதி மை ஒற்றினார். காமு இருந்திருந்தால் இப்போது பன்னிரண்டு வயது. நான் திருத்தவில்லை.