பாலத்தில் படுத்த மாமியார்கள்

எங்க நமுனி மேட்டையும் எதிர்ல இருக்கிற சிரேபே மேட்டையும் சேர்த்துத் தொங்குபாலம் கட்டுன மகராசனுக்கு மாமியாரே கிடையாது போல. ஒரு ஆள் அகலத்துக்குக் கட்டித் தொலைச்சிருக்கான்! நாங்க கென்யாவுல புக்குசு இனத்து ஆளுங்க. மாமியார் எதிர்ல வந்தா மருமகன் புதருக்குள்ள பாயணும். மூஞ்சியைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது, நேராப் பேசக் கூடாது. பள்ளத்தாக்குக்கு மேல அந்தரத்துல புதருக்கு எங்க போறது? அதுவும் எங்க ஆம்பளைங்க முக்கால்வாசிப் பேர் பொண்ணு எடுத்தது சிரேபேயில.

அன்னைக்கு எனக்கு முன்னால கிசா ஓட்டமா ஓடினான். அவன் பெண்டாட்டி பிரசவத்துக்கு சிரேபே ஆஸ்பத்திரியில கிடந்தா. பாதிப் பாலத்துல, கையில கோழியோட, எதிர்ல அவன் மாமியார் நசம்பு! அவன் கண்ணைப் பொத்தினான். அவ தலைத்துணியை இழுத்து மூஞ்சியை மூடினா. எனக்கு ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தா, அவளுக்குப் பின்னாலயே என் மாமியார்! கையிலிருந்த கூடையைத் தலையில கவுத்துக்கிட்டேன்.

"ஏ கோழி, உன்கிட்டத்தான் சொல்றேன்," நசம்பு கோழியைத் தூக்கிப் பிடிச்சா. "என் மகளுக்குப் பிள்ளை பிறந்தாச்சு. ரத்தம் நிக்கல. புருஷன் ரத்தம்தான் சேருமாம். அந்தத் தம்பியை உடனே போகச் சொல்லு."

"கோழி, அவங்களைத் திரும்பிப் போகச் சொல்லு!" கிசா அலறினான்.

"எங்க திரும்ப? பின்னால சந்தைக்கு வர்ற கூட்டம் மூட்டையும் முடிச்சுமா நிக்குதுன்னு சொல்லு!"

"அடப்பாவிகளா, அங்க ஒருத்தி சாகுறா, இங்க கோழிகிட்ட பஞ்சாயத்தா!"ன்னு கூடைக்குள்ளிருந்து நான் கத்தினேன். கூடையை மட்டும் எடுக்கல.

கோழி மிரண்டு பள்ளத்துல பறந்துடுச்சு. தூதுக்கும் ஆளில்ல.

நசம்பு பலகைமேல குப்புறப் படுத்துட்டா. "இங்க ஆளே இல்ல, பலகைதான் கிடக்கு"ன்னு பலகைகிட்டயே சொன்னா. கூடைச் சந்து வழியாப் பார்க்கிறேன், என் மாமியாரும் படுத்தாங்க. அப்புறம் வரிசையா எல்லாப் பொம்பளைங்களும். கிசா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, தேம்பித் தேம்பி அழுதுகிட்டே ஒவ்வொருத்தரையா தாண்டி ஓடினான்.

நான் பின்னாலயே நடந்து எங்க கரைப் புதருக்குள்ள பாஞ்சேன்; மத்தவங்க எழுந்து நசம்பைத் தாண்டிச் சந்தைக்குப் போயிட்டாங்க. நசம்பு மட்டும் எழல. மகள் பிழைச்சாளான்னு தெரியாம எப்படி எழுவா, பாவம். எழுப்ப எனக்கும் தைரியம் வரல.

வெயில் சாயுற நேரத்துல சிரேபே கரையில கிசா, ரத்தம் குடுத்த கையில பஞ்சோட, "பொழைச்சுட்டா!"ன்னு கத்தினான்.

நசம்பு எழுந்தா. தலைத்துணி பலகையிலயே கிடந்துச்சு. "என் பிள்ளே!"ன்னு நேரா அவனையே கூப்பிட்டு, ஓடிப்போய்க் கட்டிக்கிட்டு அழுதா.

கிசா கண்ணை மூடல.